அம்பிட்டிய இத்தாலியரும் ஹந்தானைப் பையனும்

எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டின் மேல்மாடியில் இத்தாலிய இளைஞர் ஒருவர் குடிவந்து ஒன்றரை ஆண்டாகிறது. வயது இருபத்தாறு. சுற்றுலாப் பயணி அல்லர். இங்கேயே இருந்து பார்ப்பது என்ற முடிவோடு வந்தவர். வந்த புதிதில் அவரைப் பற்றி அம்பிட்டிய வீதியில் உலாவிய கதைகளைத் தொகுத்திருந்தால் ஒரு வார இதழுக்குத் தொடர்கதை கிடைத்திருக்கும். துறவியாக வந்தவர் என்றார் ஒருவர். காதல் தோல்வி என்றார் இன்னொருவர். இரத்தினக்கல் வாங்க வந்தவர் என்று பேக்கரிக்காரர் அடித்துச் சொன்னார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தித் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நேரே போய்க் கேட்டுவிட்டேன். இத்தாலிக்கு வேலைக்குப் போகக் காத்திருக்கும் நமது இளைஞர்களுக்கு மொழி கற்பிக்க வந்தாராம். அவர்கள் அங்கே போவதற்காக இவர் இங்கே வந்திருக்கிறார்.

ஒரு மனிதர் அந்நிய நகரில் எப்படி வேரூன்றுகிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நான் பார்த்தவற்றையும், பார்த்தபோது என்னுள் எழுந்த சங்கடமான சில எண்ணங்களையும் எழுதி வைக்கிறேன். கண்டியைப் பிரிந்து ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருந்து இப்பக்கத்தை வாசிக்கும் நண்பர்களுக்கு, அவர்கள் முதன்முதலாகப் போய் இறங்கிய குளிர்கால நாட்களும் நினைவுக்கு வரக்கூடும்.

முதல் மாதம் அவரைத் தோற்கடித்தவை குரங்குகள். சமையலறை யன்னலைத் திறந்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனவர் திரும்பி வந்தபோது ஒரு கிழமைக்கு வாங்கிய பழங்களில் தோல் மட்டும் எஞ்சியிருந்தது. அடுத்தது மழை. துவைத்த துணி மூன்று நாளாகியும் காயாத மர்மத்தை அவரால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. வீட்டுக்காரச் சிங்கள அம்மையார் படிக்கட்டின் கீழே கொடி கட்டிக் கொடுத்த பிறகே உலர்ந்த சட்டையோடு நடமாடினார். பாண் அவருக்குப் பெருந்துயரம். இதைப் பாண் என்று அழைப்பதே குற்றம் என்று ஒருநாள் என்னிடம் மிகவும் தீவிரமாக வாதிட்டார். ஆனால் ரொட்டியும் கட்டைச் சம்பலும் அறிமுகமான நாள் முதல் அந்த வழக்கு கைவிடப்பட்டது.

கோப்பியின் கதை வேறு. நல்ல கோப்பி தேடி தலதா வீதி, கொட்டுகொடெல்ல வீதி, குட்ஷெட் பஸ் நிலையம் என்று எங்கும் அலைந்திருக்கிறார். இந்த மலைகள் முழுவதும் ஒருகாலத்தில் கோப்பித் தோட்டங்களாகத்தான் இருந்தன என்று சொன்னபோது நம்பவில்லை. 1869-இல் இலைத்துரு நோய் தென்பட்டு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தொழித்தது. அதற்குச் சற்று முன்னர்தான், 1867-இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். கோப்பி போனது, கோப்பிக்காகக் கொண்டுவரப்பட்ட மனிதர்கள் தங்கிவிட்டார்கள். இந்த மனிதர்களிடம் பிறகு வருகிறேன்.

அவரை முதலில் எரிச்சலூட்டியது நமது கேள்வி. காலையில் வீதியில் இறங்கினால் எதிர்ப்படுபவர் அனைவரும், சிங்களத்திலோ தமிழிலோ, “எங்கே போகிறீர்கள்?” என்று கேட்கிறார்கள், நான் போகும் இடம் இவர்களுக்கு எதற்கு என்று கேட்டார். அது விசாரணை அன்று, வணக்கம் சொல்லும் வகை. “சும்மா, இப்படி” என்று கையைக் காட்டிவிட்டு நடந்தால் போதும் என்றேன். இப்போது அவரே என்னைக் கண்டால் “எங்கே போறீங்க அங்கிள்?” என்கிறார். ஓட்டோக்காரர்களிடம் சிங்களத்தில் எண் சொல்லிப் பேரம் பேசப் பழகிவிட்டார். போயா தினத்தில் இறைச்சிக் கடை மூடியிருக்கும் என்பதை இரண்டு முறை பட்டுத் தெரிந்துகொண்டார். பெரஹரா நாட்களில் நகருக்குள் போகாமல் இருக்கும் உள்ளூர்வாசியின் ஞானமும் வந்துவிட்டது.

இவர் பிறந்த ஊர் மத்திய இத்தாலியில் ஃபாப்ரியானோவுக்கு அருகில். பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் கடதாசிக்குப் பேர்போன இடம். கடதாசியில் நீர்க்குறி பதிக்கும் கலை அங்கேதான் வளர்ந்தது. கடதாசியை நம்பியே வயிறு வளர்த்த எனக்கு அது தூரத்து உறவு போலத் தோன்றியது. ஃபாப்ரியானோவுக்கு மேலே மொந்தே ஃபானோ என்றொரு மலை. அதில் 1231-இல் சில்வெஸ்தர் என்ற துறவி ஒரு மடத்தை நிறுவினார். அவருடைய வழிவந்த பெனடிக்டைன் துறவிகள்தாம் 1845 முதல் இலங்கைக்கு வரத் தொடங்கியவர்கள். அம்பிட்டியவில் இன்றும் அவர்களுடைய மடத்துக்குப் பெயர் மொந்தே ஃபானோ. தம் ஊர் மலையின் பெயரை ஏழாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு பலகையில் கண்டபோது நம் இளைஞர் அங்கேயே நின்றுவிட்டாராம். புகைப்படம் எடுத்துத் தாயாருக்கு அனுப்பியிருக்கிறார்.

ஆக, கண்டியில் வந்து குடியேறிய முதல் இத்தாலியர் இவர் அல்லர். கண்டி மறைமாவட்டத்தின் முதல் ஆயர் கிளெமென்தே பக்னானி இத்தாலியர். 1886-இல் ஆயரானவர் 1911 வரை பொறுப்பில் இருந்தார். பிற்காலத்தில், 1936 முதல் 1958 வரை, பெர்னார்தோ ரெக்னோ என்ற இன்னோர் இத்தாலியர் அதே பதவியில் இருந்தார். கண்டி, மாத்தளை, நுவரெலியா ஆகிய மூன்று மாவட்டங்களும் அடங்கிய மறைமாவட்டம் அது. அதன் பங்குகளில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டங்கள் என்பதால், இத்தாலியில் பிறந்த துறவிகள் இங்கே தமிழும் சிங்களமும் படிக்க வேண்டியிருந்தது. கப்பலில் ஏறும்போதே திரும்பிப் போவோம் என்ற எண்ணத்தைப் பலர் விட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள். வீட்டிலிருந்து கடிதம் வர மாதக்கணக்காகும். நம் இளைஞர் தினமும் இரவு எட்டு மணிக்குத் தாயாரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். அப்படியிருந்தும் கிறிஸ்துமஸ் இரவில் மாடியில் தனியாக நின்றுகொண்டிருந்தார். அந்தக் காலத்தவர் என்ன செய்தார்களோ.

அத்துறவிகள் 1854-இல் தொடங்கியதுதான் புனித அந்தோனியார் கல்லூரி. இன்று கட்டுகஸ்தோட்டையில் மகாவலிக் கரையில் இருக்கிறது. அங்கே ஒன்பது வயதில் சேர்க்கப்பட்ட குண்டசாலைத் தமிழ்ப் பையன் ஒருவன் பின்னாளில் டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தினான். முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920-இல் தென்னிந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்து, பிற்காலத்தில் திருச்சிராப்பள்ளிக்கே திரும்பிச் சென்றவர். பிள்ளைகள் இங்கே தங்கிவிட்டார்கள். இத்தாலியிலிருந்து வந்தவர்கள் கட்டிய பள்ளி, தமிழகத்திலிருந்து வந்தவரின் பேரன், அவன் விளையாடியது இலங்கைக்காக. வந்தவர்களை எடுத்துவிட்டால் கண்டியில் என்ன மிஞ்சும் என்று சில வேளைகளில் யோசிப்பதுண்டு. வாவியை வெட்டிய கடைசி மன்னனே மதுரை நாயக்கர் வழியினன். கண்ணுச்சாமி என்ற பெயரோடு பதினெட்டு வயதில் அரியணை ஏறியவன்.

வந்தவர் என்றால் ரொபர்ட் நொக்ஸையும் சொல்ல வேண்டும். அவர் விரும்பி வந்தவர் அல்லர். 1660-இல் கொட்டியாரக் குடாவில் தகப்பனாரோடு பிடிபட்டபோது அவருக்குப் பத்தொன்பது வயது. தகப்பனார் அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்தார். பின்னர் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தின் கிராமங்களில் வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றார். கூடை சுமந்து ஊர் ஊராக வியாபாரம் செய்தார். நெல்லைக் கடன் கொடுத்து வட்டியும் நெல்லாகவே வாங்கினார். ஒரு முதியவரிடமிருந்த ஆங்கில பைபிளைத் தாம் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்துப் பெற்றுக்கொண்டார். இன்று உடுநுவரைப் பக்கம் எலதெத்தையில் அவர் வாழ்ந்த இடத்தை மக்கள் சுட்டிக் காட்டுகிறார்கள். கைதியாக இருந்தவனுக்குக்கூட வீடு கட்டிக்கொள்ளவும் தொழில் செய்யவும் இடம் கொடுத்த ஊர் இது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அவர் 1679-இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிப்போனார் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

இனிச் சங்கடமான பகுதிக்கு வருகிறேன்.

நம் இத்தாலியர் வீடு தேடிய கதையை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். மூன்று வீடு பார்த்தார். மூன்றுமே தருவதாகச் சொன்னார்கள். ஒருவர் தேநீரும் கேக்கும் கொடுத்து, தம் மகளின் ஆங்கிலப் பயிற்சிக்கும் உதவுமாறு கேட்டாராம். ஆறு மாத முற்பணம் கேட்டது ஒன்றுதான் அவருக்குத் திகைப்பு. நானும் ஒருகாலத்தில் இந்நகரில் அறை தேடினேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, பேராதனையில் கலைமாணிப் பட்டம் பெற்று, ஒரு நாளிதழின் பிரதேச நிருபராகச் சேர்ந்திருந்த காலம். தொலைபேசியில் சிங்களத்தில் பேசினால் “வாருங்கள், பாருங்கள்” என்பார்கள். பெயரைச் சொன்னதும் குரல் மாறும். “நேற்றுத்தான் கொடுத்துவிட்டோம்.” அப்படி நேற்றுக் கொடுக்கப்பட்ட வீடுகள் பதினொன்றை எண்ணினேன். இறுதியில் இடம் கிடைத்தது கட்டுக்கலையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில். அவர்களும் யாழ்ப்பாணமா, தோட்டமா என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பைத் தந்தார்கள். தோட்டம் என்றேன். வாடகையில் ஐந்நூறு ரூபாய் கூடியது.

இந்தக் கசப்பை இங்கே கொட்டுவது பழங்கணக்குத் தீர்ப்பதற்காக அன்று. போர்க்காலம், அச்சம், எல்லாம் எனக்குத் தெரியும். நான் கேட்பது வேறு: வந்தவர்களுள் யாரை இந்நகரம் விருந்தாளியாகப் பார்க்கிறது, யாரை அத்துமீறி நுழைந்தவராகப் பார்க்கிறது? எத்தனை நாள் இருந்தார் என்ற கணக்கில் அது முடிவாவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. கண்டி உடவத்தகலைக் காட்டின் ஆச்சிரமத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்த ஞானபோனிக தேரர் ஜெர்மனியில் பிறந்தவர். 1936-இல் இலங்கைக்கு வந்தார். 1958-இல் இங்கே பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். பெரும் அறிஞர், அவர்மீது எனக்கு மதிப்பு மட்டுமே உண்டு. அவருக்கும் அவருடைய ஆசிரியர் ஞானதிலோக தேரருக்கும் 1950-51 காலப்பகுதியில் இலங்கைக் குடியுரிமை வழங்கப்பட்டது. தகுதியானவர்களுக்குக் கிடைத்த தகுதியான மரியாதை. ஆனால் ஆண்டைப் பாருங்கள். 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வந்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. அந்தக் காட்டின் மேட்டிலிருந்து பார்த்தால் தெரியும் மலைகளில் ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் எந்நாட்டுக்கும் உரியவர் அல்லாதவராக நின்றார்கள். தந்தை இங்கே பிறந்தவர் என்பதற்குச் சான்று காட்டு என்றது சட்டம். லயத்தில் பிறந்தவருக்கு எவர் பிறப்புச் சான்றிதழ் எழுதி வைத்தார்?

1964-இல் இரு பிரதமர்கள் உட்கார்ந்து ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் உங்களுக்கு, மூன்று இலட்சம் பேர் எங்களுக்கு என்று பங்கு பிரித்தார்கள். என் பெரியப்பா குடும்பம் அந்தப் பங்கில் போனது. தலைமன்னாருக்கு இரயில் ஏற்றிவிட அப்பாவோடு சென்றது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. பெரியம்மா அம்மிக்கல்லைக் கொண்டுபோகவேண்டும் என்று அழுதது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. அவர்கள் கோத்தகிரியில் போய் இறங்கினார்கள். இங்கே ‘இந்தியாக்காரர்’ என்று அழைக்கப்பட்டவர்கள் அங்கே ‘சிலோன்காரர்’ ஆனார்கள். ஐம்பதாண்டு ஆகப்போகிறது, இன்னும் அங்கே அந்தப் பெயர் உதிரவில்லை. இங்கே எஞ்சிய நாடற்றவர்களுக்கான சட்டம் 2003-இல்தான் முழுமையாக வந்தது. மலையகத் தமிழர் வரலாற்றின் இருநூறாம் ஆண்டை முன்னிட்டு 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள், முன்னோர் நடந்த அதே பாதையில். இருநூறு ஆண்டு கழித்தும் ‘நாங்கள் வந்துவிட்டோம்’ என்று அறிவிக்க நடக்க வேண்டியிருந்தது.

இத்தாலி மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். நியாயம். என் ஒன்றுவிட்ட தம்பி சிசிலித் தீவில் பலெர்மோ நகரில் இருபது ஆண்டுகளாக இருக்கிறான். முதியவர் ஒருவரைப் பராமரிக்கும் வேலை. அங்கே தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள். 1624-இல் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்ததாக நம்பப்படும் புனித ரொசாலியாவின் குகைக் கோயில் பெல்லெகிரீனோ மலைமேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலையேறும் தமிழர்களில் கத்தோலிக்கரும் உண்டு, சைவரும் உண்டு. இத்தாலியர் வியந்து பார்க்கிறார்களாம். கதிர்காமத்துக்கும் மடுவுக்கும் நடந்த கால்களுக்கு அதில் என்ன வியப்பு? ஆனால் அதே தம்பி வீடு மாறுவதற்குத் தொலைபேசியில் விசாரித்தால், உச்சரிப்பைக் கேட்டதுமே “நேற்றுத்தான் கொடுத்துவிட்டோம்” என்பார்களாம். இதை அவன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவனுக்கு வரவில்லை. அங்கே பிறந்து வளர்ந்த அவன் மகள் பதினெட்டு வயது நிரம்பும்வரை இத்தாலியக் குடியுரிமை கேட்க முடியாது. வெளிநாட்டவர் விண்ணப்பிக்கப் பத்தாண்டு வதிய வேண்டும் என்ற விதியை ஐந்தாகக் குறைக்க 2025 ஜூனில் அங்கே பொதுவாக்கெடுப்பு நடந்தது. செல்லுபடியாக ஐம்பது வீதத்தினர் வாக்களித்திருக்க வேண்டும்; ஏறக்குறைய முப்பது வீதத்தினரே வந்தார்கள். நம் இளைஞர் தூதரகம் வழியாக வாக்களித்திருக்கிறார். முடிவு வந்த அன்று, தம் வகுப்பு மாணவர்களின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது என்றார்.

அவர் ஒருவர், வந்ததும் சட்டப்படி, அவரால் யாருக்கு என்ன இடைஞ்சல், அவரையும் இலட்சக்கணக்கானோரையும் ஒப்பிடலாமா என்று சில நண்பர்கள் வாதிடுவார்கள். ஒப்பிடக்கூடாதுதான். இலட்சக்கணக்கானோரை அழைத்து வந்தது இந்நாட்டின் பொருளாதாரம். அவரை யாரும் அழைக்கவில்லை. அவர்கள் காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள். அவர் பாணைக் குறை சொன்னார். ஒப்பிட்டால் அவருக்குத்தான் பாதகம். அப்படியிருந்தும் வந்த இரண்டாம் நாளே அவருக்கு முகவரி கிடைத்தது: கதவிலக்கம், வீதி, அம்பிட்டிய, கண்டி. தபால்காரர் படியேறிக் கடிதம் கொடுக்கிறார். ஹந்தானை மலையில் லயத்தில் இருப்பவரின் கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்குப் போய், யாராவது நினைத்தபோது கைக்கு வருகிறது. அவருக்குத் தம் பெயரில் வீட்டு உறுதியும் இல்லை.

ஹந்தானை என்றதும் ஒருவரைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் குழாயோ மின்சாரமோ பழுதானால் வருகிற இளைஞர். அவருக்கும் இருபத்தாறு வயது. பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்து ஹந்தானைதான். தமிழும் சிங்களமும் சரளம். கைபேசியைப் பார்த்தே ஆங்கிலம் கற்றிருக்கிறார். கண்டியில் ஒரு கடையில் ஏழு வருடமாக வேலை. கடையில் அவரைக் ‘கொல்லா’ என்பார்கள். எங்கள் ஒழுங்கையில் ‘பொடியன்’. இத்தாலியர் பெட்டியோடு வந்திறங்கிய கணத்திலிருந்து அதே ஒழுங்கையில் ‘மாத்தயா’, ‘சேர்’.

சென்ற மாதம் இருவரும் எங்கள் வீட்டில் ஒன்றாக இருந்தார்கள். ஒருவர் தண்ணீர்த் தாங்கியின் குழாயைச் சரிசெய்ய வந்தவர். மற்றவர் தமிழ் படிக்க வந்தவர் (ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் சொல்லித் தருகிறேன், கூலி ஒரு கோப்பை அவர் ஊர்க் கோப்பி). வேலை முடிந்து கீழே வந்தவரிடம் “நீ தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றேன். பிறகு திரும்பி, “நீங்கள் இன்னும் கொஞ்சம் எடுங்கள்” என்று இவரிடம் பிஸ்கட் தட்டை நீட்டினேன். இவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அங்கிள், எங்கள் மொழியிலும் இரண்டு இருக்கின்றன. நெருங்கியவருக்கு ஒன்று, மரியாதைக்கு ஒன்று. நீங்கள் இவரை ‘நீ’ என்றும் என்னை ‘நீங்கள்’ என்றும் சொல்கிறீர்கள். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. இவரை உங்களுக்கு ஏழு வருடமாகத் தெரியும், என்னை ஒன்றரை வருடமாக. அப்படியென்றால் இவர்தான் உங்களுக்கு நெருக்கமானவர், இல்லையா?”

இலக்கணச் சந்தேகமாகத்தான் கேட்டார். முகத்தில் குறும்பு இல்லை. ஆமாம், நெருக்கம்தான் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதிலின் பொய் எனக்கும் தெரியும், கையில் குறடோடு நின்றுகொண்டிருந்தவருக்கும் தெரியும். அவரை என் மேசையில் உட்காரச் சொன்னதில்லை. அவருடைய தகப்பனாரின் பெயர் எனக்குத் தெரியாது. இத்தாலியரின் பாட்டிக்கு முழங்கால் வலி என்பது தெரியும்.

அடுத்த முறை அவர் வந்தபோது வாசலில் வைத்தே, “வாங்க தம்பி, நீங்கள் உட்காருங்கள்” என்றேன். அவர் திடுக்கிட்டுக் கருவிப் பையைக் கீழே வைத்தார். “என்ன ஐயா, போன தடவை செஞ்ச வேலையில ஏதும் பிழையா?” என்று கேட்டார்.